முதலில் மது விற்பனையைக் கட்டுப்படுத்தினார்கள், பிறகு குழந்தைகளைக் கணக்கெடுத்தார்கள்: ஃபிட்ஸ்ராய் பள்ளத்தாக்கு நிகழ்வு ஆய்வு

கர்ப்ப காலத்தில் தாய் குடித்த மது குழந்தையின் மூளையைப் பாதிக்கிறது என்பதை ஓர் ஊர் தானாகவே பேச முன்வருவது அபூர்வம். ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் பள்ளத்தாக்குப் பெண்கள் அதைச் செய்தார்கள். 2007 முதல் அங்கே எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் விளைவுகளும் இங்கே கால வரிசையில் தரப்பட்டுள்ளன. குடும்பங்கள், குழந்தைகள் யாருடைய பெயரும் இதில் இல்லை. பொதுமேடையில் தாங்களாகவே பேசிய தலைவர்கள் ஓரிருவரை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறேன்.

பின்னணி

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில் கிம்பர்லி வட்டாரம் இருக்கிறது. அங்கே புரூம் கடற்கரை நகரிலிருந்து கிழக்கே சுமார் 400 கிலோமீட்டர் போனால் ஃபிட்ஸ்ராய் கிராசிங் என்ற சிற்றூர். அதைச் சுற்றி நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. புனுபா, கூனியாண்டி, வால்மஜாரி, வாங்கட்ஜுங்கா, நிகினா ஆகிய பழங்குடி மொழிக் குழுவினர் அங்கே வாழ்கிறார்கள். பொதுவான பேச்சுக்கு, ஆங்கிலம் கலந்து உருவான கிரியோல் மொழி.

இவர்களில் பெரும்பாலோர் இரண்டு தலைமுறைக்கு முன்பு மாட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்தவர்கள். கூலி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மாவு, தேயிலை, சர்க்கரை, கொஞ்சம் துணிமணி, அவ்வளவுதான். பழங்குடித் தொழிலாளிகளுக்கும் சம ஊதியம் தர வேண்டும் என்று 1966இல் தீர்ப்பாயம் முடிவு செய்தது. 1968 இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது. நியாயமான தீர்ப்பு. ஆனால் ஊதியம் கொடுப்பதற்குப் பதிலாகப் பல பண்ணைக்காரர்கள் ஆட்களைக் குடும்பத்தோடு வெளியேற்றிவிட்டார்கள். சொந்த நிலத்திலேயே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஊரின் ஓரத்தில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். வேலை போனது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில், அதுவரை சட்டப்படி மறுக்கப்பட்டிருந்த மதுவும் அவர்களுக்குக் கைக்கெட்டியது.

இதையெல்லாம் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் வரும் எண்களைப் படிக்கும்போது ‘இவர்கள் ஏன் இப்படிக் குடித்தார்கள்’ என்ற கேள்வி எழும். இந்த வரலாற்றை விட்டுவிட்டு அந்தக் கேள்வியை ஒரு தாயிடம் போய்க் கேட்பதில் பயனில்லை.

மது கருவில் செய்வது

தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடி வழியே தடையின்றிக் கருவுக்குப் போகிறது. அதைச் சிதைக்கும் அளவுக்குக் கருவின் கல்லீரல் வளர்ந்திருக்காது. முக அமைப்பு உருவாகும் காலம் முதல் சில வாரங்கள். மூளையோ ஒன்பது மாதமும் வளர்ந்துகொண்டே இருப்பதால் எந்தக் கட்டத்திலும் அடிபடக்கூடும். 1968இல் பிரான்சிலும் 1973இல் அமெரிக்காவின் சியாட்டிலிலும் மருத்துவர்கள் இதை விவரித்து எழுதினார்கள். லேசான பாதிப்பு முதல் கடுமையானது வரை எல்லாவற்றையும் சேர்த்து இன்று எஃப்.ஏ.எஸ்.டி. (Fetal Alcohol Spectrum Disorder, கருவில் மதுவால் வரும் பாதிப்புகளின் தொகுப்பு) என்கிறார்கள். குணப்படுத்தும் மருந்து கிடையாது. முழுவதுமாகத் தடுக்க முடியும்.

பாதிக்கப்பட்ட பெரும்பாலான குழந்தைகளைப் பார்த்தவுடன் தெரியாது என்பதுதான் சிக்கல். ‘புத்தகத்தை எடு, பத்தாம் பக்கத்தைத் திருப்பு, தேதியை எழுது’ என்று ஆசிரியர் ஒரே மூச்சில் சொன்னால், அந்தப் பையன் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான். நேற்று போட்ட கூட்டல் இன்று வராது. தண்டனையிலிருந்தும் பாடம் கற்க மாட்டான், ஏனென்றால் எதற்காகத் தண்டனை என்பதைச் செய்த செயலோடு சேர்த்துப் பார்ப்பதே அவனுக்குக் கடினம். பள்ளியில் இதற்கு வைக்கும் பெயர் அடங்காப்பிடாரி, சோம்பேறி. வீட்டில் வேறு பெயர்கள்.

2006–2007: கண்டதும் முதல் முடிவும்

ஓராண்டுக்குள் பள்ளத்தாக்கில் 55 பேர் இறந்தார்கள், அதில் 13 தற்கொலைகள் என்று ஜூன் ஆஸ்கார் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அப்போது அவர் ஃபிட்ஸ்ராய் கிராசிங்கில் உள்ள மார்னின்வார்ன்டிகுரா பெண்கள் மையத்தை நடத்திக்கொண்டிருந்தார். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் இடத்தில் இந்த எண்ணிக்கை என்றால், துக்கம் இல்லாத வீடே இருந்திருக்காது. கிம்பர்லியில் நடந்த மரணங்களைப் பற்றி மாநில மரண விசாரணை அதிகாரியும் விசாரணை நடத்தினார். பல மரணங்களின் பின்னணியில் மது இருந்தது.

2007 ஜூலையில், ஆண்டுதோறும் திறந்தவெளியில் நடக்கும் பெண்கள் கூட்டத்தில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது: ஊருக்குள் கட்டுப்பாடின்றி மது வருவதை நிறுத்தச் சொல்லி அரசிடம் கேட்பது. ஆஸ்காரும் அதே மையத்தைச் சேர்ந்த எமிலி கார்ட்டரும் முன்னின்று மாநில மது உரிம இயக்குநருக்கு விண்ணப்பித்தார்கள்.

மதுவிலக்கு என்றதும் நமக்கு முழுத் தடைதான் நினைவுக்கு வரும். அவர்கள் கேட்டது அதையல்ல. 2007 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த கட்டுப்பாட்டின்படி, ஆல்கஹால் 2.7 சதவீதத்துக்கு மேல் உள்ள எதையும் கடையில் வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. மதுக்கூடத்தில் உட்கார்ந்து குடிக்கத் தடை இல்லை. ஆக, அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வீட்டுக்குப் போய் இரவு முழுக்க ஓடும் குடியைத்தான் அவர்கள் குறிவைத்தார்கள். குழந்தைகள் விழித்திருக்கும் வீட்டில், கர்ப்பிணிகளும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நடக்கும் குடி அது. முதலில் ஆறு மாதச் சோதனை. 2008 மே மாதம் காலவரையறை இல்லாமல் நீட்டிக்கப்பட்டது.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. எங்களைக் கேட்காமல் முடிவு செய்தது யார் என்று சொந்த ஊர்க்காரர்களே கேட்டார்கள். வியாபாரம் போகும் என்ற பேச்சும் எழுந்தது. ஊர் மதுக்கூடத்தில் உள்ளூர்ப் பழங்குடிக் குழுக்களின் நிறுவனத்துக்கே பங்கு இருந்ததால், இது வெளியாரோடு நடந்த சண்டை மட்டுமில்லை. தலைவிகள் மிரட்டலையும் சந்தித்தார்கள்.

ஓராண்டு முடிவதற்குள் இரவுகள் அமைதியானதாக மக்கள் சொன்னார்கள். குடி தொடர்பான காயங்களோடு மருத்துவமனைக்கு வருவோர் குறைந்தார்கள், காவல்துறைக்கும் வேலை குறைந்தது. மறுபக்கமும் உண்டு. விட முடியாதவர்கள் டெர்பிக்கும் ஹால்ஸ் கிரீக்குக்கும் புரூமுக்கும் வண்டி ஓட்டிக்கொண்டு போனார்கள். ஒரு பக்கத்துக்கே பல மணி நேரப் பயணம். கள்ள விற்பனையும் எட்டிப் பார்த்தது. மது உரிமத்தை மாற்றியதால் குடிநோய் தீர்ந்துவிடவில்லை. ஊர் மூச்சு விட்டது, தெளிந்த தலையோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைத்தது. அடுத்த முடிவு அந்த அவகாசத்தில்தான் பிறந்தது.

2008: குழந்தைகளைப் பற்றிய பேச்சு

வகுப்பில் உட்கார முடியாத பிள்ளைகள் ஏன் இத்தனை பேர் என்ற கேள்வி பாட்டிமார்களிடமும் ஆசிரியர்களிடமும் வெகுநாளாக இருந்தது. 2008 இறுதியில் பெண்கள் மையமும் நிண்டிலிங்காரி பண்பாட்டு நலச் சேவையும் ஊர்த்தலைவர்களும் கூடி, எஃப்.ஏ.எஸ்.டி.யைத் தடுக்கவும் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் துணை நிற்கவும் ஒரு திட்டம் வகுத்தார்கள். அதற்கு மருலு என்று புனுபா மொழியில் பெயர் வைத்தார்கள்.

இதில் அவர்கள் எடுத்த முடிவுகளில் மூன்று முக்கியமானவை என்பேன்.

எத்தனை குழந்தைகளுக்குப் பாதிப்பு என்று தெரிந்துகொள்வது முதலாவது. ‘நிறைய’ என்று சொல்லி அரசிடம் பணம் கேட்க முடியாது, எண் வேண்டும். ஆனால் அந்த எண் நாளை செய்தித்தாளில் தங்கள் ஊருக்கே முத்திரை குத்தும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் முன்வந்தார்கள்.

ஆய்வாளர்களைத் தாங்களே அழைப்பது அடுத்தது. பழங்குடி ஊர்களில் ஆராய்ச்சிக்குக் கெட்ட பெயர் உண்டு. வருவார்கள், அளப்பார்கள், போய்விடுவார்கள், திரும்பி எதுவும் வராது. இங்கே சிட்னி பல்கலைக்கழகத்தையும் ஜார்ஜ் நலவாழ்வு ஆய்வு நிறுவனத்தையும் ஊரார் அழைத்தார்கள். குழந்தைநல மருத்துவர் எலிசபெத் எலியட்டின் குழு வந்தது. எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது, முடிவை யார் எப்போது வெளியிடுவது என்பதிலெல்லாம் ஊரின் சொல்லுக்கு இடம் இருந்தது.

மூன்றாவது, பரிசோதிக்கப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும், நோயறிதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுத்து என்ன செய்வது என்ற திட்டம் எழுத்தில் குடும்பத்தின் கைக்கு வர வேண்டும். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். வெறும் கணக்கெடுப்பாக முடிந்திருக்கக்கூடியதை இது மருத்துவமாக மாற்றியது.

2010–2011: லிலில்வான் ஆய்வு

ஆய்வுக்கு லிலில்வான் என்று பெயர் வைத்தார்கள், கிரியோலில் ‘சின்னக் குழந்தைகள்’ என்று பொருள். 2002, 2003ஆம் ஆண்டுகளில் பிறந்து பள்ளத்தாக்கில் வாழும் எல்லாக் குழந்தைகளையும் ஆய்வில் சேர்ப்பது என்று தீர்மானித்தார்கள். அவர்களுக்கு அப்போது ஏழு முதல் ஒன்பது வயது. நம்பகமாகச் சோதிக்கும் அளவுக்கு வளர்ந்தவர்கள், உதவி செய்தால் பலன் தெரியும் அளவுக்குச் சிறியவர்கள்.

முதல் கட்டம் தாய்மாரையும் வளர்ப்போரையும் சந்தித்துப் பேசுவது. ஆய்வாளர் தனியாகப் போய்க் கதவைத் தட்டவில்லை. வேலைக்கு அமர்த்தப்பட்ட உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே போனார்கள். யார் வீட்டில் இழவு நடந்திருக்கிறது, இந்த வாரம் எந்த வீட்டுக்குப் போகக் கூடாது, எந்தக் கேள்வியை எந்தச் சொல்லில் கேட்டால் புரியும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். 134 குழந்தைகளில் 127 பேரின் குடும்பத்தார் பேச ஒப்புக்கொண்டார்கள். இப்படியொரு விஷயத்தில் நூற்றுக்கு 95 பேர் சம்மதிப்பது எளிதில் நடப்பதில்லை.

மதுவைப் பற்றிய அடிப்படைக் கேள்விகள் மூன்றுதான். எவ்வளவு நாளுக்கு ஒருமுறை குடித்தீர்கள்? குடித்த நாளில் எவ்வளவு? ஒரே தடவையில் ஆறு அளவோ (ஆஸ்திரேலியக் கணக்கில் ஓர் அளவு என்பது 10 கிராம் ஆல்கஹால்) அதற்கு மேலோ குடிப்பது எவ்வளவு அடிக்கடி நடக்கும்? உலகம் முழுக்க மருத்துவமனைகளில் பயன்படும் கேள்விகள் இவை. ‘குடிப்பீங்களா?’ என்று கேட்டால் கிடைக்கும் பதில் வேறு, இப்படிக் கேட்டால் கிடைக்கும் பதில் வேறு.

127 கர்ப்பங்களில் 55 சதவீதத்தில் தாய் மது குடித்திருந்தார். அவர்களில் 88 சதவீதம் பேர் முதல் மூன்று மாதங்களில் குடித்தவர்கள். குடித்தவர்களில் ஏறத்தாழ எல்லோருமே (95 சதவீதம்) ஆபத்தான அளவில் குடித்திருந்தார்கள். பத்தில் ஏழு பேர் ஒரு தடவைக்குப் பத்து அளவோ அதற்கு மேலோ குடித்தவர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் குழந்தைகள் கருவில் இருந்த காலத்தில் ஆஸ்திரேலிய அரசின் 2001ஆம் ஆண்டு வழிகாட்டுதல், கர்ப்பிணிகள் கொஞ்சமாகக் குடிக்கலாம் என்பதற்கு இடம் கொடுத்திருந்தது. குடிக்காமல் இருப்பதே பாதுகாப்பானது என்று அது மாறியது 2009இல்தான். பள்ளத்தாக்குப் பெண்கள் குடித்த அளவு 2001 வழிகாட்டுதலையும் வெகுவாகத் தாண்டியது உண்மை. என்றாலும், மது கருவைப் பாதிக்கும் என்று யாரும் தெளிவாகச் சொல்லாத காலத்தில் நடந்ததற்குத் தாயை மட்டும் கூண்டில் ஏற்றுவது எப்படிச் சரியாகும்?

இரண்டாம் கட்டம் 2011இல். குழந்தைநல மருத்துவர், உளவியலாளர், பேச்சு மொழி நிபுணர், பிசியோதெரபிஸ்ட், செயல்வழிச் சிகிச்சையாளர் என்று ஒரு குழுவே பள்ளத்தாக்குக்கு வந்து 108 குழந்தைகளைப் பரிசோதித்தது. நகரத்தில் இந்த ஐவரையும் பார்க்க ஒரு குடும்பம் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். உயரம், எடை, தலைச்சுற்றளவு, காது, கண் எல்லாம் பார்த்தார்கள். இந்த நோயறிதலில் முகத்தையும் அளப்பதுண்டு: கண் திறப்பின் நீளம், மேலுதட்டின் தடிமன், மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் எவ்வளவு மழுங்கியிருக்கிறது என்பவை. அப்புறம் நினைவாற்றல், மொழி, கவனம், கை நுணுக்கம். முடிவுகளைக் குழுவாக உட்கார்ந்து அலசி, குடும்பத்தோடும் பேசி, அறிக்கையைக் கையில் கொடுத்தார்கள்.

108 பேரில் 21 குழந்தைகளுக்கு எஃப்.ஏ.எஸ்.டி. இருப்பதாக முடிவானது. ஐந்தில் ஒரு குழந்தை. உலகில் பதிவான மிக உயர்ந்த விகிதங்களில் இதுவும் ஒன்று.

மீதி 87 பேரும் நலமாக இருந்தார்கள் என்று அர்த்தமில்லை. காது நோய், கேட்புக் குறைவு, சிறு வயதிலேயே கண்ட மரணங்கள், வன்முறை எல்லாம் கலந்து கிடந்தன. ஒரு குழந்தைக்குப் பாடம் ஏறாததற்கு மது எவ்வளவு காரணம், காதில் வடியும் சீழ் எவ்வளவு காரணம் என்று பிரிப்பது மருத்துவர்களுக்கே கடினம். எல்லோருக்கும் திட்டம் என்ற முடிவு எவ்வளவு சரியானது என்பது இங்கேதான் தெரிந்தது.

பின்தொடர்ந்தவை

பள்ளிகளில், குழந்தை தன் உடல் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று தானே கவனிக்கப் பழக்கும் பாடத்திட்டம் ஒன்று சோதிக்கப்பட்டது. உடம்பை எஞ்சினாக நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். வேகமாக ஓடுகிறதா, மந்தமாகக் கிடக்கிறதா, சரியாக இருக்கிறதா? வேகமாக இருந்தால் சுவரைத் தள்ளு, எதையாவது மெல்லு, அழுத்திப் பிடித்துக்கொள். கெட்ட பிள்ளை என்ற பேச்சே இதில் வராது.

பெற்றோருக்கான பயிற்சிக்கு ஜந்து யானி யு என்று பெயர். இதற்காக ஊர்ப் பெண்களும் பள்ளி, மையப் பணியாளர்களும் பயிற்சி பெற்றார்கள். வீட்டில் மாற்ற வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை. தினமும் ஒரே வரிசையில் வேலைகள். திட்டுவதற்குப் பதில் மறுபடி காட்டிக்கொடுப்பது. பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பலரைப் பாட்டியோ சித்தியோ வளர்க்கிறார்கள் என்பதால் ‘பெற்றோர்’ என்பதைத் தாய் தகப்பன் என்று சுருக்கிக்கொள்ளாமல் நடத்தியது நல்லதாயிற்று.

தடுப்புப் பக்கத்தில், கர்ப்பிணிகளிடம் பேசுவது, மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி, ஊர்க்கூட்டங்கள் என்று வேலை தொடர்ந்தது. 2010இல் கர்ப்ப காலத்தில் மது குடித்ததாகப் பதிவானவர்கள் 61 சதவீதம். 2015இல் 31.9 சதவீதம். பெண்கள் தாங்களே சொன்ன பதிலிலிருந்து வந்த எண் இது. அவமானத்துக்குப் பயந்து சிலர் மறைத்திருக்கலாம். அதைக் கழித்துப் பார்த்தாலும் இறக்கம் சிறியதில்லை.

பள்ளத்தாக்குக்கு வெளியேயும் அசைவு இருந்தது. 2016இல் நாடு முழுவதற்குமான நோயறிதல் வழிகாட்டி வந்தது. 2018இல் பத்தாண்டுத் தேசியத் திட்டம். மதுப் புட்டிகளில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை கட்டாயம் என்று 2020இல் முடிவாகி 2023 ஜூலை இறுதிவரை அவகாசம் தரப்பட்டது. இவை எல்லாவற்றுக்கும் இந்த ஊரே காரணம் என்று சொல்ல மாட்டேன். இதை மூடி மறைக்க முடியாதபடி செய்தவர்களில் இந்த ஊர் முக்கியமானது.

நோயறிதல் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2018இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு சான்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் பாங்சியா ஹில் இளையோர் தடுப்பு மையத்தில் 99 பேரைச் சோதித்ததில் 36 பேருக்கு எஃப்.ஏ.எஸ்.டி. இருந்தது. அவர்களில் முன்பே கண்டறியப்பட்டவர்கள் இருவர் மட்டும். மற்றவர்களெல்லாம் பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் என்று ஒவ்வொரு வாசலாகக் கடந்து, யார் கண்ணிலும் படாமல் சிறைவரை வந்தவர்கள்.

மாற வேண்டியவை

நோயறிதல் வேகமாக வந்தது, சேவை மெதுவாக வந்தது. நிபுணர் குழு பறந்து வந்து அறிக்கை கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும். அதில் ‘வாரந்தோறும் பேச்சுப் பயிற்சி’ என்று எழுதியிருந்தால் அதைக் கொடுக்க ஊரில் ஆள் வேண்டும். தொலைதூர ஊர்களில் ஆசிரியரும் செவிலியரும் ஓரிரு ஆண்டுகளில் மாறிப் போய்விடுகிறார்கள், புதிதாக வருபவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். மறுபடி இப்படி ஒன்றைத் தொடங்குகிறவர்கள், உள்ளூரிலேயே நிலைத்து இருக்கப்போகும் ஆட்களுக்கான பயிற்சியைப் பரிசோதனைக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும்.

முதல் மூன்று மாதங்களில்தான் அதிகம் பேர் குடித்திருந்தார்கள். பலருக்கும் கர்ப்பம் என்று தெரியாமலே கழியும் வாரங்கள் அதில் அடங்கும். கர்ப்பப் பதிவுக்கு வரும்போது அறிவுரை சொல்வது ஏற்கெனவே தாமதம். ஆகவே கருத்தடை வசதி, சீக்கிரமே கர்ப்பப் பரிசோதனை, கர்ப்பத்துக்கு முன்பே இளம்பெண்களோடு பேச்சு இவை மூன்றும் தடுப்பின் மையத்துக்கு வர வேண்டும். கூடவே ஆண்களும். வீட்டில் கணவனும் அவன் நண்பர்களும் குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் கையை மடக்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது நடக்கிற காரியமில்லை.

கடுமையாகக் குடித்துப் பழகிய கர்ப்பிணியிடம் ‘இன்றோடு நிறுத்து’ என்று சொல்லி அனுப்புவதும் ஆபத்து. திடீரென நிறுத்தினால் வலிப்புவரை வரலாம், மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். அதற்கான படுக்கை எங்கே இருக்கிறது, போய்வர வண்டி யார் தருவது, மூத்த பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்ற மூன்றுக்கும் விடை இல்லாத இடத்தில் அறிவுரைக்கு மதிப்பில்லை. குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயமும் சேர்ந்தால் அவள் மருத்துவமனைப் பக்கமே வர மாட்டாள். பழங்குடிக் குழந்தைகளை அரசே குடும்பத்திலிருந்து பிரித்த வரலாறு உள்ள நாட்டில் அந்தப் பயத்தைக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. உண்மையைச் சொன்ன தாய்க்கு அதனால் கெடுதல் வராது என்ற உறுதி நடைமுறையில் தெரிய வேண்டும்.

லிலில்வான் குழந்தைகள் இப்போது இருபதுகளில் இருக்கிறார்கள். பதின்ம வயதின் இறுதியில் அவர்களை மறுபடி சந்திக்க பிகிஸ்வன் கிட் என்ற தொடர் ஆய்வு நடந்தது. இந்தத் துறையில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி பள்ளிப் பருவத்தோடு நின்றுவிடுகிறது. வேலை, வீடு, பணத்தைக் கையாள்வது, சொந்தமாகக் குழந்தை பெறுவது ஆகியவற்றில் இவர்களுக்குக் கைகொடுக்கும் வயதுவந்தோர் சேவையை நகரங்களிலேயே தேட வேண்டியிருக்கிறது. பள்ளத்தாக்கில் அடுத்து கட்ட வேண்டியது அதைத்தான்.